11:30க்குப் பிறந்த புத்தாண்டு: சிங்கப்பூரில் அரை மணி நேரம் காணாமற்போன இரவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1981 டிசம்பர் 31, வியாழக்கிழமை. அன்றிரவு சிங்கப்பூரில் 11:30 மணியான அந்த நொடியே 12:00 மணி ஆனது. புத்தாண்டு அரை மணி முன்னதாகவே வந்துவிட்டது. கேட்டால் சிரிப்பு வரும் செய்திதான். ஆனால் அந்த அரை மணி இன்றைக்கும் ஜாதகக் கட்டத்திலும் பழைய சுவர்க் கடிகாரத்திலும் கணினிப் பதிவுகளிலும் வந்து நிற்கிறது. பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தந்திருக்கிறோம்.

அன்றிரவு சரியாக என்ன நடந்தது?

அதுவரை சிங்கப்பூர் நேரம், உலக நேரங்களுக்கு அடிப்படையான கிரீன்விச் நேரத்தைவிட 7 மணி 30 நிமிடம் முன்னால் இருந்தது. அன்றிரவு அது 8 மணி நேரமாக ஆக்கப்பட்டது. 11 மணி 29 நிமிடம் 59 நொடிக்கு அடுத்த நொடி, 1982 ஜனவரி 1, வெள்ளிக்கிழமை, 12:00 மணி. ஆகவே 1981 டிசம்பர் 31 சிங்கப்பூரில் 23½ மணி நேரம் மட்டுமே இருந்தது. புத்தாண்டுக்குப் பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ண நினைத்தவர்கள் 11 மணி 29 நிமிடம் 50 நொடிக்கே தொடங்கியிருக்க வேண்டும். பழைய கடிகாரத்தை நம்பி உட்கார்ந்திருந்தவர் வாழ்த்துச் சொல்ல வாயெடுத்தபோது புத்தாண்டுக்கு அரை மணி வயதாகியிருக்கும்.

அந்த நொடியில் ஹாங்காங், மணிலா, பெர்த், தைப்பே, பெய்ஜிங் எல்லாவற்றிலும் நள்ளிரவு 12. அதுவரை அந்த ஊர்களுக்கெல்லாம் அரை மணி பின்னால் நின்ற சிங்கப்பூர், ஒரே தாவலில் அவற்றோடு சேர்ந்துகொண்டது.

யார் கேட்டார்கள் இந்த மாற்றத்தை?

தொடக்கம் மலேசியாவில். தீபகற்ப மலேசியா கிரீன்விச்சுக்கு 7½ மணி முன்னால். சபாவும் சரவாக்கும் 8 மணி முன்னால். ஒரே நாட்டுக்குள் இரண்டு நேரம். 1981 ஜூலையில் பிரதமரான மகாதீர் முகமதுவின் அரசாங்கம் நாடு முழுவதையும் கிரீன்விச்சுக்கு 8 மணி முன்னால் கொண்டுவர முடிவெடுத்தது. சிங்கப்பூரும் அதையே பின்பற்றியது.

பின்பற்றாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இரு நாடுகளையும் இணைக்கும் ஜோகூர் கடற்பாலத்தின் நீளம் சுமார் 1 கிலோமீட்டர். சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் பக்கம் காலை 7:00, ஜோகூர் பாரு பக்கம் 7:30. தினமும் வேலைக்குக் கடக்கிறவர் காலையில் அரை மணியைச் சம்பாதித்து மாலையில் அதைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருப்பார். அன்று சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து புறப்பட்ட மலாயா ரயிலுக்கு எந்த நேரத்தை அச்சிடுவது என்பது இன்னொரு தலைவலி. பக்கத்து நாட்டோடு ஒரே நேரத்தில் இருப்பது வணிகத்துக்கும் பயணத்துக்கும் நல்லது என்ற முடிவு சரியானது என்றுதான் நாங்கள் கருதுகிறோம்.

அந்த 7½ என்ற வினோதமான எண் முதலில் எங்கிருந்து வந்தது?

சிங்கப்பூர் தன் சூரியனை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகர்ந்த கதை அது. சிங்கப்பூரின் தீர்க்கரேகை சுமார் 103 பாகை 51 கலை கிழக்கு (60 கலை ஒரு பாகை). ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்கிட்டால், இயல்பான நேரம் கிரீன்விச்சுக்கு 6 மணி 55 நிமிடம் 25 நொடி முன்னால். பிறகு நடந்தவை:

1905 ஜூன் 1: 7 மணி நேரம் (4 நிமிடம் 35 நொடி முன்னே)
1933 ஜனவரி 1: 7 மணி 20 நிமிடம் (20 நிமிடம் முன்னே)
1941 செப்டம்பர் 1: 7 மணி 30 நிமிடம் (10 நிமிடம் முன்னே)
1942 பிப்ரவரி 16: 9 மணி நேரம், தோக்கியோ நேரம் (1½ மணி முன்னே)
1945 செப்டம்பர் 12: மறுபடியும் 7 மணி 30 நிமிடம் (1½ மணி பின்னே)
1981 டிசம்பர் 31 இரவு: 8 மணி நேரம் (30 நிமிடம் முன்னே)

ஜப்பானியர் ஏற்றியதும் அவர்கள் போனபின் இறக்கியதும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். மீதியைக் கூட்டுங்கள்: 4:35 + 20 + 10 + 30 = 64 நிமிடம் 35 நொடி. சிங்கப்பூர்க் கடிகாரம் உண்மையான சூரியனுக்கு எவ்வளவு முன்னால் ஓடுகிறது என்பதற்கான எண் இதுதான். இன்று 8 மணி நேரத்துக்கு உரிய தீர்க்கரேகை 120 பாகை. அது பிலிப்பீன்சின் லூசோன் தீவின் மேற்குக் கரையை ஒட்டிப் போகிறது. தீவு இருந்த இடத்திலேயே இருக்க, கடிகாரம் மட்டும் தென்சீனக் கடலைக் கடந்து போய் உட்கார்ந்திருக்கிறது.

அன்றிரவு 11:45க்கு ஒரு குழந்தை பிறந்திருந்தால்?

பிறந்திருக்க முடியாது. சிங்கப்பூர் அதிகாரபூர்வ நேரப்படி 1981 டிசம்பர் 31 இரவு 11:30 முதல் 11:59 வரை என்று ஒரு பொழுதே இல்லை. யாருடைய குறிப்பிலாவது “31-12-1981, இரவு 11:45, சிங்கப்பூர்” என்று இருந்தால், எழுதியவர் பழைய கடிகாரத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார். சரியான பதிவு 1-1-1982, 12:15.

இரட்டைக் குழந்தைகளை வைத்துப் பார்த்தால் கணக்கு இன்னும் சுவையாக இருக்கும். மூத்தது இரவு 11:20க்கு, இளையது 20 நிமிடம் கழித்து. இளையது பிறந்த நேரம் 12:10. 20 நிமிட இடைவெளியில் பிறந்த இருவருக்கும் நாள் வேறு, மாதம் வேறு, ஆண்டு வேறு. பதிவான நேரங்களைக் கழித்துப் பார்த்தால் இடைவெளி 50 நிமிடம். பள்ளிக்கூடம் மட்டும் இவர்களைப் பிரிக்காது. தொடக்கநிலை 1 பதிவு இன்று ஜனவரி 2 முதல் அடுத்த ஆண்டு ஜனவரி 1 வரை பிறந்தவர்களை ஒரே வகுப்பாக எடுத்துக்கொள்கிறது. அந்த ஒரு நாள் நீட்டிப்பு இந்த மாதிரி இரட்டையர்களைக் காப்பாற்றிவிடும்.

மணி அடிக்கும் சுவர்க் கடிகாரத்தை எப்படித் திருப்பியிருக்க வேண்டும்?

சாவி கொடுத்து ஓடும் பெண்டுலக் கடிகாரம் பல வீடுகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆகவே இது இன்றைக்கும் பயன்படும்.

பெரிய முள்ளை மட்டும் பிடியுங்கள். சின்ன முள் தானாகப் பின்தொடரும். வலப்புறமாக, மெதுவாக. 6இலிருந்து 12 வரை கொண்டுவந்ததும் நிறுத்திக் கையை எடுத்துவிட வேண்டும். மணி பன்னிரண்டும் அடித்து முடியும்வரை முள்ளைத் தொடக் கூடாது.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பது உள்ளே இருக்கும் சக்கரத்தைப் பொறுத்தது. பழைய கடிகாரங்கள் பலவற்றில், ஓரத்தில் சமமில்லாத இடைவெளியில் வெட்டுகள் உள்ள வட்டத் தகடு ஒன்று எத்தனை மணி அடிக்க வேண்டும் என்பதை வரிசையாக எண்ணிக்கொண்டே போகும். அதற்கு முள் எங்கே நிற்கிறது என்று தெரியாது. முந்தைய முறை 11 அடித்தேன், அடுத்தது 12 என்பது மட்டுமே தெரியும். அடித்து முடிப்பதற்குள் முள்ளைத் தள்ளிவிட்டால் ஓர் எண்ணிக்கை தவறும். அதன் பிறகு 1 மணிக்கு 12 அடிக்கும், 2 மணிக்கு 1 அடிக்கும், யாராவது சரிசெய்யும்வரை அந்த வீட்டில் அப்படியேதான். சரிசெய்ய, தகட்டைத் தாங்கும் மெல்லிய நெம்புகோலை விரலால் லேசாகத் தூக்கிவிடுங்கள். ஒருமுறை தூக்கினால் அடுத்த எண்ணிக்கையை அடிக்கும். முள் காட்டும் மணியும் அடிக்கும் மணியும் ஒன்றாகும்வரை இப்படிச் செய்யலாம்.

நத்தை வடிவச் சக்கரமும் பல்வரிசையும் உள்ள கடிகாரத்தில் இந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொரு முறையும் சின்ன முள்ளின் இடத்தைப் பார்த்தே அடிப்பதால் அது தானாகத் திருந்திக்கொள்ளும்.

எந்த வகையானாலும் மணி அடிக்கும் இடத்தைத் தாண்டிப் பெரிய முள்ளைப் பின்பக்கம் திருப்பக் கூடாது. மணியைக் கிளப்பும் முளை, தூக்குகோலின் தவறான பக்கத்தில் போய் இடித்து வளைந்துவிடும். பின்னால் போக வேண்டுமென்றால் பெண்டுலத்தை நிறுத்திவிட்டு அத்தனை நேரம் காத்திருப்பதே பாதுகாப்பு.

கைக்கடிகாரத்தில் தேதி சிக்கிக்கொள்ளும் அபாயம் ஏன்?

1981இல் பலர் கையில் இருந்தது தேதியும் கிழமையும் காட்டும் தானியங்கிக் கடிகாரம். அதில் தேதியை மட்டும் சட்டென்று மாற்றும் வசதி உண்டு. பொதுவாக இரவு 9 மணிக்கும் பின்னிரவு 3 மணிக்கும் இடையில் அதைத் தொடக் கூடாது. அந்த நேரத்தில் தேதித் தகட்டைத் தள்ளும் பல் ஏற்கெனவே தகட்டோடு கோத்திருக்கும். அப்போது வெளியிலிருந்தும் திருகினால் இரண்டு விசைகள் மோதிப் பல் உடையும், அல்லது தேதி பாதி எண்ணில் நிற்கும். மாற்றம் நடந்த 11:30 அந்தத் தடைநேரத்தின் நடுவில் விழுந்தது.

சரியான முறை எளிது. ஓரத் திருகைக் கடைசிவரை வெளியே இழுத்து, முள்ளை முன்பக்கமாகத் திருப்பி 12ஐக் கடக்க விடுங்கள். தேதி 31இலிருந்து 1க்குத் தானாக மாறும். டிசம்பருக்கு 31 நாள் என்பதால் அந்த இரவு கையால் தேதி திருத்தும் வேலையே இல்லை. இதே மாற்றம் நவம்பர் 30இல் வந்திருந்தால் ஒவ்வொருவரும் 31ஐத் தள்ளிவிட வேண்டியிருக்கும்.

மறதியில் கடிகாரத்தைப் பின்னால் திருப்பியவருக்கு எவ்வளவு தாமதம்?

1 மணி நேரம். 11:30ஐ 12:00 ஆக்குவதற்குப் பதில் 11:00 ஆக்கினால், இரண்டு அரை மணிகளும் சேர்ந்துகொள்ளும். ஒன்றுமே செய்யாமல் தூங்கியவருக்கு அரை மணி மட்டுமே தாமதம். மறுநாள் பொது விடுமுறையாக இருந்ததால் முதல் நாள் யாரும் வேலைக்குப் பிந்த வேண்டியிருக்கவில்லை.

1982க்கு முன் சிங்கப்பூரில் பிறந்தவரின் ஜாதகத்துக்கு இதனால் என்ன?

இந்தப் பக்கத்தில் எல்லாரும் கட்டாயம் படிக்க வேண்டிய பதில் இது. ஜாதக மென்பொருள்களிலும், வெளியூரிலிருந்து கணிக்கிறவர்களிடமும் “சிங்கப்பூர் என்றால் 8 மணி” என்ற பழக்கம் இருக்கிறது. 1945 செப்டம்பர் 12 முதல் 1981 டிசம்பர் 31 இரவு 11:30 வரை பிறந்த எவருக்கும் அது தவறு. அவர்களுக்கு 7 மணி 30 நிமிடம்.

ஓர் எடுத்துக்காட்டு. 1975 ஆகஸ்ட் 14, காலை 6:15, சிங்கப்பூர். 7:30ஐக் கழித்தால் கிரீன்விச் நேரம் ஆகஸ்ட் 13, இரவு 10:45. தவறாக 8:00ஐக் கழித்தால் இரவு 10:15. கணிப்பு அரை மணி முன்னதாகப் போய்விடும். அதன் விளைவுகள் ஒவ்வொன்றாக:

லக்னம், அதாவது பிறந்த நொடியில் கிழக்கு அடிவானத்தில் எழும் ராசிப் புள்ளி, சுமார் 4 நிமிடத்துக்கு 1 பாகை நகரும். 30 நிமிடப் பிழை என்றால் சுமார் 7½ பாகை பின்தங்கும். உண்மையான லக்னம் சிம்மத்தின் முதல் 7½ பாகைக்குள் இருந்தால் தவறான கட்டத்தில் கடக லக்னம் விழும். ஒரு ராசிக்கு 30 பாகை என்பதால் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு லக்னமே மாறிப்போகும். லக்னம் மாறினால் பன்னிரண்டு பாவங்களும் ஒரு வீடு தள்ளும். பொருத்தம் பார்க்கும்போது செவ்வாய் 7இல் இருக்கிறதா 8இல் இருக்கிறதா என்று இரு குடும்பங்கள் வாதாடுவதற்கு இந்த அரை மணியே காரணமாக இருக்கலாம்.

நவாம்ச லக்னம் தப்பவே தப்பாது. ஒரு நவாம்சம் ராசியில் ஒன்பதில் ஒரு பங்கு: 3 பாகை 20 கலை, அதாவது ஏறத்தாழ 13 நிமிடம். அரை மணியில் இரண்டு அல்லது மூன்று நவாம்சம் தள்ளிப்போகும்.

நட்சத்திரம் பெரும்பாலும் மாறாது. சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள் எடுப்பதால், அரை மணிப் பிழையில் நட்சத்திரம் மாறுவது சுமார் 48 பேரில் ஒருவருக்கு. நட்சத்திரத்தின் கால் பங்கான பாதம் மாறுவது சுமார் 12 பேரில் ஒருவருக்கு.

தசை இருப்பு, அதாவது பிறக்கும்போது நடக்கும் தசையில் மீதமிருக்கும் காலம், எல்லாருக்கும் மாறும். அரை மணியில் சந்திரன் ஒரு நட்சத்திரத்தில் சுமார் 2 சதவீதம் நகரும். சுக்கிர தசை 20 ஆண்டு என்றால் கிட்டத்தட்ட 5 மாதம். சூரிய தசை 6 ஆண்டு என்றால் ஒன்றரை மாதம். தவறான கணிப்பு இருப்பைக் கூட்டிக் காட்டும். “குரு தசை வந்ததும் நல்லது நடக்கும் என்றார்கள், சொன்ன தேதிக்குச் சில மாதம் முன்பே நடந்துவிட்டது” என்று யாராவது சொன்னால், முதலில் நேர மண்டலத்தைப் பாருங்கள்.

என் மென்பொருள் சரியாகக் கணிக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

சூரிய உதயத்தைப் பாருங்கள். கிட்டத்தட்ட எல்லா ஜாதக மென்பொருளும் பிறந்த நாளின் உதய நேரத்தைக் காட்டும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் சிங்கப்பூரில் உதயம் ஆண்டு முழுவதும் ஒரு குறுகிய வட்டத்துக்குள் சுற்றும். 8 மணிக் கணக்கில் ஏறக்குறைய 6:46க்கும் 7:17க்கும் இடையில். 7½ மணிக் கணக்கில் 6:16க்கும் 6:47க்கும் இடையில்.

1975ஆம் ஆண்டுப் பிறப்புக்கு உதயம் 7:05 என்று காட்டினால் அது 8 மணியை எடுத்திருக்கிறது, தவறு. 6:35 என்று காட்டினால் சரி.

தவறு என்றால் நேர மண்டலத்தை 7:30 என்று கையால் மாற்றுங்கள். மாற்ற இடம் கொடுக்காத செயலி என்றால் பிறந்த நேரத்தோடு 30 நிமிடம் கூட்டிப் போடுங்கள்: 6:15க்குப் பதில் 6:45. கிரகநிலை சரியாகிவிடும். அச்செடுத்த பிரதியில் உண்மையான நேரத்தைக் கையால் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் பத்து ஆண்டு கழித்து இன்னொருவர் அந்த 6:45ஐ எடுத்து மறுபடியும் திருத்துவார். கையால் 7:30 போட்டபின், செயலியில் “கோடை நேரம்” என்ற கட்டம் இருந்தால் அதைக் காலியாக விடுங்கள்.

ஜப்பானியர் காலத்தில் பிறந்த தாத்தா பாட்டிக்கு?

1942 பிப்ரவரி 16 முதல் 1945 செப்டம்பர் 12 வரை 9 மணி. சூரியன் அப்போது கடிகாரத்தில் காலை 7:46க்கும் 8:17க்கும் இடையில் உதித்தது. 7:30ஐப் போட்டால் பிழை 1½ மணி, லக்னத்தில் சுமார் 22½ பாகை. நாலில் மூன்று பேருக்கு லக்னம் மாறும்.

இங்கே கூடுதல் கவனம் வேண்டும். சில வீடுகளில் கடிகாரத்தை மாற்றாமலே வைத்து, பழைய நேரத்தில் குறித்திருக்கலாம். வாய்வழிக் குறிப்பு ஏதாவது இருந்தால் அதையும் பொருத்திப் பாருங்கள். “மார்ச் மாதம், காலை 7 மணி, இருட்டு இன்னும் விலகவில்லை” என்றால் அது தோக்கியோ நேரம். அந்த நேரப்படி மார்ச்சில் உதயம் 8:10 அளவில். “7 மணி, வெயில் வந்துவிட்டது” என்றால் பழைய நேரம்.

ராகுகாலமும் பிரம்ம முகூர்த்தமும் அரை மணி தள்ளிப்போயினவா?

வானத்தில் ஒன்றும் தள்ளவில்லை, கடிகாரத்தில் தள்ளின. அந்த முதல் நாளையே எடுத்துக்கொள்வோம். 1982 ஜனவரி 1, துன்மதி வருடம், மார்கழி மாதம், வெள்ளிக்கிழமை. உதயம் சுமார் 7:07, பகல் 12 மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். பகலை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு 1½ மணி. வெள்ளிக்கிழமைக்கு நாலாம் பங்கு ராகுகாலம்: 11:37 முதல் 1:07 வரை. பழைய கடிகாரத்தில் அது 11:07 முதல் 12:37.

தமிழ்நாட்டு நாள்காட்டியில் வெள்ளிக்கு அச்சிட்டிருக்கும் 10:30–12:00, உதயம் 6:00 என்று வைத்துப் போட்டது. அதை அப்படியே சிங்கப்பூரில் பயன்படுத்தினால் ராகுகாலம் முடிந்துவிட்டது என்று நம்பி 12:15க்கு நல்ல காரியத்தைத் தொடங்குவீர்கள். உண்மையில் நீங்கள் அதன் நடுவில் நிற்கிறீர்கள். திருத்தம் எளிது: அன்றைய சிங்கப்பூர் உதயத்திலிருந்து 6:00ஐக் கழித்து, வரும் நிமிடங்களை அச்சிட்ட நேரத்தோடு கூட்டுங்கள். ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரமே என்பதால் வேறு திருத்தம் வேண்டாம்.

பிரம்ம முகூர்த்தம் உதயத்துக்கு 96 நிமிடம் முன் தொடங்கி 48 நிமிடம் முன் முடியும்: அன்று 5:31 முதல் 6:19 வரை. மார்கழி பஜனைக்கு 4:30க்கே எழுகிறவர்களின் பக்திக்கு வணக்கம். கணக்குப்படி இன்னும் ஒரு மணி நேரம் தூங்கலாம்.

தொழுகை நேரம்?

அதுவும் சூரியனைப் பின்பற்றுவதுதான். மாற்றத்தின் முதல் நாளே வெள்ளிக்கிழமையாக அமைந்தது. சூரியன் உச்சிக்கு வரும் நேரம் பழைய கடிகாரத்தில் சுமார் 12:38, புதியதில் 1:08. சவுத் பிரிட்ஜ் சாலையின் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலுக்கு ஜும்ஆவுக்குப் போகிறவர், பழைய அட்டவணையைக் கையில் வைத்திருந்தால் அரை மணி காத்திருக்க வேண்டியிருக்கும்.

ஊருக்குத் தொலைபேசியில் பேச என்ன மாற்றம்?

1982க்கு முன் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வித்தியாசம் சரியாக 2 மணி நேரம். சிங்கப்பூரில் இரவு 8 என்றால் மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் மாலை 6. மாற்றத்துக்குப் பின் 2½ மணி. விரல்விட்டு எண்ண எளிதாக இருந்த கணக்கு அன்றோடு போயிற்று. ஊரில் இருக்கிறவர்களுக்குச் சிங்கப்பூர்ப் புத்தாண்டு அதுவரை இரவு 10 மணிக்குப் பிறந்தது; அன்றிலிருந்து 9:30க்கு.

சென்னைப் பஞ்சாங்கத்திலிருந்து திதி முடியும் நேரத்தைச் சிங்கப்பூருக்கு மாற்றும்போதும் இதே எண்தான். 1981 வரையிலான பஞ்சாங்கத்துக்கு 2 மணி, 1982 முதல் 2½ மணி கூட்டுங்கள். பழைய திவசத் திதியைத் தேடிக் கண்டுபிடிக்கிறவர்கள் இதில்தான் தடுமாறுகிறார்கள்.

கணினியில் சிலரது பிறந்தநாள் ஒருநாள் முன்னதாகத் தெரிவது ஏன்?

இதே அரை மணிதான். பிறந்த தேதியை வெறும் தேதியாகச் சேமிக்காமல், “அந்த நாளின் நள்ளிரவு 12:00” என்று நேரத்தோடு சேமிக்கும் மென்பொருள்கள் உண்டு. ஒரு நிரல் 8 மணிக் கணக்கில், 1975 மே 5 நள்ளிரவைக் கிரீன்விச் நேரம் மே 4 மாலை 4:00 என்று எழுதி வைக்கிறது. இன்னொரு நிரல் வரலாறு தெரிந்த நல்ல நிரல். அது 1975க்கு 7½ மணி என்று சரியாகக் கூட்டுகிறது. கிடைப்பது மே 4, இரவு 11:30. திரையில் பிறந்தநாள் மே 4. இரண்டாவது நிரலின் மேல் பிழையே இல்லை என்பதால் கண்டுபிடிக்க நெடுநேரம் ஆகும். 1982இலும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களின் பதிவு எல்லாம் சரியாகவே தெரியும்; மூத்தவர்களுக்கு மட்டும் ஒருநாள் குறையும். அந்த அறிகுறியைக் கண்டால் உடனே இதைச் சந்தேகியுங்கள். தீர்வு: பிறந்த தேதியை நேரமும் நேர மண்டலமும் இல்லாத வெறும் தேதியாகச் சேமிப்பது.

நிரல் எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று. பைத்தான் மொழியின் பழைய பை-டி-இசட் நூலகத்தில் சிங்கப்பூர் மண்டலத்தை நேரத்தோடு நேரடியாக ஒட்டினால் 6 மணி 55 நிமிடம் என்று வரும். அது 1905க்கு முந்தைய சூரிய நேரம். பட்டியலின் முதல் வரியை எடுத்துக்கொள்கிறது. அந்த நூலகத்தின் “லோக்கலைஸ்” கட்டளை வழியாகப் போனால் சரியாகும்.

அந்த நாட்களின் செய்தித்தாளைப் பார்க்க முடியுமா?

முடியும். தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய இதழ்கள் தேதிவாரியாக இருக்கின்றன. சொல்லை வைத்துத் தேடுவதைவிடத் தேதியை வைத்துப் புரட்டுங்கள். “டைம்” என்று ஆங்கிலத்தில் தேடினால், பத்திரிகையின் பெயரிலேயே “டைம்ஸ்” இருப்பதால் வேண்டாதவை குவியக்கூடும். 1981 டிசம்பர் முதல் வாரத்திலிருந்து 1982 ஜனவரி 10 வரை எடுத்துக்கொண்டால் போதும். ஜனவரி 1 இதழில் மக்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று தேட வேண்டாம். காலைப் பத்திரிகை அச்சுக்குப் போகும்போது அந்த இரவு முடிந்திருக்காது. முன்னறிவிப்புகளுக்கு டிசம்பர் இதழ்கள், மக்களின் அனுபவங்களுக்கு ஜனவரி 2ஆம் தேதியும் அதற்குப் பிந்தையவையும்.

புரட்டும்போது டிசம்பர் 29, 30 இதழ்களையும் விட்டுவிடாதீர்கள். ஜூலை 1 முதல் இயங்கிவந்த சாங்கி விமான நிலையம் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது டிசம்பர் 29இல்தான். திறப்பு விழா கண்ட மூன்றாம் இரவே அங்கிருந்த அத்தனை கடிகாரங்களையும் திருப்ப வேண்டி வந்தது.

அந்த அரை மணி என்றாவது திரும்பக் கிடைக்குமா?

சிங்கப்பூர் மறுபடியும் 7½ மணிக்குத் திரும்பினால் மட்டும். அப்படி நடந்தால் ஓர் இரவில் ஒரே அரை மணி இரண்டு முறை வரும். 11:45க்குப் பிறந்த குழந்தைக்கு எந்த 11:45 என்று தாதி குறித்து வைக்க வேண்டியிருக்கும்.